நகரும் பாறையும் வெப்பக் கணக்கும்

வெப்பம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குச் செல்வதற்கு மூன்று வழிகள் உண்டெனப் பாடசாலை நாட்களில் நாம் படித்திருக்கின்றோம். கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்பனவே அவை. பரீட்சைக்கென மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்ட விடயங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் இவற்றுள் முதலிரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்கு இடங்கொடாமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பௌதிகவியலாளர் ஒருவர் இப்பூமியின் வயதையே நாற்பது மடங்குக்கு மேல் குறைத்துக் கணித்தார். அதே வேறுபாட்டை முறையாகக் கணக்கிலெடுக்கும் கணனிகள், பெரும் நிலநடுக்கங்கள் கடலடியில் எந்தப் பகுதியில் தோன்றக்கூடும் என்பதை மதிப்பிட இன்று உதவுகின்றன. 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலைக்கு உறவுகளைப் பறிகொடுத்த எமக்கு, இது ஆய்வுகூடச் சுவர்களுக்குள் அடங்கிவிடும் விடயமன்று.

கூழ்ப் பானையும் கருங்கல்லும்

ஒடியற் கூழ் காய்ச்சுவோர் அகப்பையை ஓயவிடுவதில்லை. கிண்டாது விட்டால் அடியிலுள்ள கூழ் கருகி அடிப்பிடிக்கும். மேலேயுள்ளதோ வேகாமற் கிடக்கும். தடித்த கூழ் அசையாது நிற்கையில், வெப்பம் துணிக்கைக்குத் துணிக்கை கைமாறியே மேலே வரவேண்டியுள்ளது. இதுவே கடத்தல். கிண்டும்போது அடியிலுள்ள கூழ் தானே மேலெழுந்து, தன்னிடமுள்ள வெப்பத்தையும் சுமந்து வருகின்றது. இது காவுகை. முன்னையதில் பொருள் நிற்க வெப்பம் நடக்கின்றது; பின்னையதில் பொருளும் வெப்பமும் ஒன்றாகப் பயணஞ் செய்கின்றன.

இவ்விரண்டும் எவ்வளவு தூரம் வேறுபடும் என்பதைப் பாறையை வைத்து அறியலாம். ஒரு மீற்றர் தடித்த பாறையை வெப்ப மாற்றம் ஊடுருவ ஏறத்தாழ 12 நாட்கள் செல்லும். பத்து மீற்றராயின் மூன்று ஆண்டுகள். ஒரு கிலோமீற்றராயின் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல். நூறு கிலோமீற்றராயின் 32 கோடி ஆண்டுகள். தூரம் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும் என்பதே கடத்தலின் விதி. நீண்ட தூரத்துக்கு அது மிகவும் சோம்பலான தூதுவன்.

இப்போது அப்பாறையே ஆண்டுக்கு 5 சென்ரிமீற்றர் வேகத்தில் நகர்கின்றது என வைத்துக்கொள்வோம். இது ஏறக்குறைய எமது விரல் நகம் வளரும் வேகமே. இந்த ஆமை வேகத்திலும் அது நூறு கிலோமீற்றரை 20 இலட்சம் ஆண்டுகளிற் கடந்துவிடும். 32 கோடி எங்கே, 20 இலட்சம் எங்கே? கடத்தலைக் காட்டிலும் காவுகை 160 மடங்கு முந்திக்கொள்கின்றது. இவ்விகிதத்தைப் பொறியியலாளர் பெக்லே எண் என்பர். அது ஒன்றிலும் பெரிதாயின், பொருளின் அசைவை மறந்து வெப்பத்தைக் கணிப்பது வீண் வேலை.

பூரியரின் சமன்பாடு

வெப்பக் கடத்தலுக்குக் கணித வடிவம் கொடுத்தவர் பிரான்ஸ் நாட்டவரான யோசப் பூரியர். 1807இல் அவர் தமது ஆய்வுரையைப் பாரிசிலுள்ள அறிஞர் கழகத்திடம் சமர்ப்பித்தார். அதைப் பரிசீலித்தவர்களுள் ஒருவரான லக்ராஞ்சி கடும் ஆட்சேபம் தெரிவித்தமையால், நூல் வெளிவர 1822 வரை காத்திருக்க நேர்ந்தது. இன்று ஈபெல் கோபுரத்திற் பொறிக்கப்பட்டுள்ள 72 அறிஞர்களின் பெயர்களுள் இவ்விருவரின் பெயர்களும் உள்ளன. பாரிசில் வாழும் எமது வாசகர்கள் அண்ணாந்து பார்த்துத் தேடிக்கொள்ளலாம்.

பூரியரின் சமன்பாட்டைப் பெரும் வினா ஒன்றுக்குப் பிரயோகித்தவர், பின்னாளில் கெல்வின் பிரபு என அறியப்பட்ட வில்லியம் தொம்சன். பூமி எவ்வளவு பழையது என்பதே அவ்வினா. உருகிய நிலையிற் பிறந்த பூமி, திண்மமாகி, பின்னர் மேற்பரப்பினூடாக ஆறிவருகின்றது என அவர் எடுத்துக்கொண்டார். சுரங்கங்களில் இறங்கினால், ஆழத்துடன் வெப்பநிலை உயர்வது தெரிந்ததே. அவர் கையாண்ட அளவீட்டின்படி அது கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 36 பாகை செல்சியஸ் ஆகும். காலஞ் செல்லச் செல்ல, பூமி ஆற ஆற, இவ்வுயர்வு வீதம் குறைந்துகொண்டே போகவேண்டும். ஆகவே இன்றைய வீதத்தை அறிந்தால், ஆறத் தொடங்கி எவ்வளவு காலமாயிற்று என்பதைப் பின்னோக்கிக் கணிக்கலாம். தொடக்க வெப்பநிலையை 3,900 பாகை எனக் கொண்டு 1862இல் அவர் கண்ட விடை 9 கோடியே 80 இலட்சம் ஆண்டுகள். அளவீடுகளின் நிச்சயமின்மையைக் கருதி, 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையில் என எல்லையும் வகுத்தார்.

புவிச்சரிதவியலாளர்கள் திகைத்தனர். மலைகள் எழுந்து தேய்வதற்கும் படைபடையாக மண் படிவதற்கும் இக்காலம் போதாது. உயிரினங்கள் மெல்ல மெல்லக் கூர்ப்படைந்தன என்ற டார்வினுக்கும் இது பெருஞ் சங்கடமாயிற்று. ஆயினும் கெல்வினின் கணிதத்தை எதிர்த்து நிற்க எவராலும் இயலவில்லை. கணிதத்தில் வழுவில்லை என்பதே உண்மை. நாமும் அதே இலக்கங்களை இட்டுக் கணித்தால் அதே விடையே வரும்.

உதவியாளரின் மறுப்பு

வழு எடுகோளில் இருந்தது. அதைக் கண்டுகொண்டவர் ஜோன் பெரி என்னும் ஐரிஷ் பொறியியலாளர். ஒரு காலத்திற் கெல்வினிடமே உதவியாளராக இருந்தவர். யப்பானிற் சில ஆண்டுகள் கற்பித்துத் திரும்பியவர். தமது ஆசானின் முடிபை மறுப்பது அவருக்கு உவப்பான காரியமாக இருக்கவில்லை. முதலிற் தனிப்பட்ட முறையில் எடுத்துரைக்க முயன்றார். பயனில்லாது போகவே, 1895 ஜனவரியில் நேச்சர் சஞ்சிகையிற் தமது வாதத்தை வெளியிட்டார்.

அவருடைய வாதம் எளிமையானது. கெல்வினின் பூமி முழுவதும் அசையாத ஒரே கல். பத்துக் கோடி ஆண்டுகளில் அக்கல்லின் வெளிப்புறத்து நூறு இருநூறு கிலோமீற்றர்கள் மட்டுமே ஆற முடியும். ஏறத்தாழ 6,370 கிலோமீற்றர் ஆரையுள்ள பூமியின் எஞ்சிய பகுதி முழுவதும், பூட்டிய பெட்டகத்துப் பணம் போல, தனது வெப்பத்தை வெளியே கொடுக்காமல் வைத்திருக்கின்றது. ஆனால் உள்ளே இருப்பது மிக மெதுவாகவேனும் பாயக்கூடிய பொருளாயின்? கூழ்ப் பானையிற் போல ஆழத்து வெப்பம் மேலே வந்துகொண்டேயிருக்கும். மேற்பரப்புக்கு அருகிலுள்ள உயர்வு வீதம் நெடுங்காலம் குறையாது நிற்கும். அவ்வாறாயின் இன்று சுரங்கத்தில் அளக்கும் வீதம் இளமைக்குச் சான்றாகாது. இவ்வழியிற் பெரி பெற்ற விடை 200 முதல் 300 கோடி ஆண்டுகள்.

கெல்வின் இணங்கவில்லை. 1897இல் தமது மதிப்பீட்டை 2 முதல் 4 கோடி ஆண்டுகளாக மேலுங் குறைத்துக்கொண்டார். இதனிடையே 1896இல் கதிரியக்கம் கண்டறியப்பட்டது. பாறைகளுக்குள்ளேயே வெப்பம் பிறக்கின்றது என்பது தெரியவந்ததும், கெல்வினை வென்றது கதிரியக்கமே என்ற கதை பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. 1956இல் அமெரிக்கரான கிளெயர் பற்றர்சன், ஈயத்தின் சமதானிகளை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என நிறுவினார். பெரியை உலகம் மறந்தது. 2007இல் இங்கிலண்ட், மொல்னார், றிக்டர் ஆகிய மூவர் இக்கணக்கை மீளாய்வு செய்தபோது உண்மை தெளிவாயிற்று. கெல்வினின் அசையாக் கல்லுக்குள் கதிரியக்க வெப்பத்தைச் சேர்த்தாலும் விடை பெரிதும் மாறாது. பொருள் அசைகின்றது என ஏற்றாலே விடை மாறும். வயதை அளந்து தந்தது கதிரியக்கம். கெல்வின் எங்கே பிழைத்தார் என்பதைக் காட்டியதோ பெரியின் எண்ணம்.

கரையில் நிற்பதா, படகில் ஏறுவதா?

திண்மமான பாறை பாயுமா என வாசகர்கள் வினவலாம். பனிப்பாறையைக் கையில் எடுத்தால் அது திண்மமே. சுவிற்சர்லாந்தின் மலைகளிலோ அது ஆண்டுதோறும் ஆறு போல இறங்கிவருகின்றது. புவியோட்டுக்குக் கீழே 2,900 கிலோமீற்றர் ஆழம் வரையுள்ள பாறைப் படையை இடையோடு என்பர். அங்கே வெப்பமும் அமுக்கமும் மிகுதி. காலமோ கோடிக்கணக்கான ஆண்டுகள். எனவே பாறையும் பாய்கின்றது. அதன் மேற்புறத்துக் குளிர்ந்த ஓடுகளே நாம் குடியிருக்கும் புவித்தகடுகள்.

இத்தகைய பொருளில் வெப்பத்தைக் கணிப்பதற்கு, பூரியரின் சமன்பாட்டுடன் ஓர் உறுப்பைச் சேர்த்தல் வேண்டும். ஓரிடத்தின் வெப்பநிலை மாற்றம் மூன்று வரவுகளால் ஆனது. அயலிலிருந்து கடத்தப்படுவது ஒன்று. நகரும் பொருள் சுமந்து வருவது இன்னொன்று. அங்கேயே பிறப்பது மற்றொன்று. எழுதுவதற்கு இது எளிது. தீர்ப்பதற்கோ கையும் தாளும் போதா. பாறையின் இளக்கம் அதன் வெப்பநிலையிற் தங்கியுள்ளது. வெப்பநிலையோ பாறையின் ஓட்டத்திற் தங்கியுள்ளது. ஒன்றை அறிய மற்றையது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கணனி சிறுசிறு காலப்படிகளாக நடந்து, ஒவ்வொரு படியிலும் இரண்டையும் மாறிமாறித் தீர்க்கின்றது.

கணிப்பதற்கு முன்னர் பொருளின் மீது கணித வலை ஒன்றை விரித்தல் வேண்டும். அவ்வலையின் ஒவ்வொரு முடிச்சிலும் வெப்பநிலை கணிக்கப்படும். பொருள் அசையாதெனில் இதிற் சிக்கலில்லை. அசையுமெனில், வலையை எங்கே கட்டுவது?

ஒரு வழி, ஆற்றங்கரையில் நின்று பார்ப்பதாகும். வலை அசையாது நிற்கும்; பொருள் அதனூடே பாய்ந்து செல்லும். 1707இற் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிற் பிறந்த ஒயிலரின் பெயரால் இம்முறை வழங்குகின்றது. பொருள் எவ்வளவு உருமாறினும் வலைக்குச் சேதமில்லை. ஆனால் சூட்டுக்கும் குளிருக்கும் இடையிலுள்ள கூரிய எல்லை ஒவ்வொரு கட்டத்தையும் தாண்டும்போது சற்றுச் சற்றாக மங்கிப்போகும். இயற்கையில் இல்லாத கடத்தல் ஒன்றைக் கணனியே உண்டாக்கிவிடுகின்றது.

மற்றைய வழி, படகிலேறிப் பொருளுடன் செல்வது. வலையின் முடிச்சுகள் பொருளிலேயே ஒட்டிக்கொண்டு நகரும். பூரியரை ஆட்சேபித்த அதே லக்ராஞ்சியின் பெயரால் இது வழங்குகின்றது. எல்லைகள் மங்குவதில்லை. ஆனால் பொருள் முறுக, முறுக வலையும் முறுகும். கரைவலை சிக்குண்டால் தொழிலாளர் படும் பாட்டைக் கடற்கரையூரார் அறிவர். கணித வலை சிக்குண்டாலும் வேலை அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே ஆய்வாளர்கள் நடுவழி ஒன்றை நாடினர். வலை ஓரளவுக்குப் பொருளுடன் செல்லும். அளவுமீறி முறுகுமுன் திருத்தி விரிக்கப்படும். அல்லது வலையை நிலையாக வைத்து, பொருளுடன் மிதந்து செல்லும் ஆயிரக்கணக்கான புள்ளிகளிடம் வெப்பநிலையை ஒப்படைப்பர். உருக்கு வார்ப்பு, கண்ணாடித் தகடு இழுத்தல், உலோகத்தை உருட்டித் தட்டையாக்கல் போன்ற தொழில்களிலும் இம்முறைகளே கையாளப்படுகின்றன.

குளிர்ந்த தகடு அமிழும் இடம்

இனி எமது கரைகளைத் தாக்கிய அழிவுக்கு வருவோம். இலங்கையும் தமிழகமும் இந்தியத் தகட்டின் மீது அமைந்துள்ளன. இத்தகட்டின் கிழக்கு விளிம்பு, சுமாத்திரா, அந்தமான் தீவுகளை ஒட்டிய கடலாழியில், ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வேகத்தில் இன்னொரு தகட்டின் கீழே அமிழ்ந்து செல்கின்றது. கடலடியிற் குளிர்ந்த தகடு, கொதிக்கும் இடையோட்டுக்குள் நுழைகையில், தனது குளிரையும் சுமந்து செல்கின்றது. நாம் மேலே கண்ட கணக்கின்படி, சுற்றியுள்ள வெப்பம் ஊடுருவி முடிக்குமுன் தகடு நூறு கிலோமீற்றர் ஆழத்தைத் தாண்டிவிடும். எனவே ஆழம் மிகுந்தால் வெப்பம் மிகும் என்ற சாதாரண விதி அங்கே செல்லாது.

இதிற் பொதிந்துள்ள ஆபத்து யாதெனில், பாறையின் குணம் வெப்பநிலையுடன் மாறுவதே. குளிர்ந்த பாறைகள் ஒன்றோடொன்று பற்றிப்பிடித்து, நூற்றாண்டுக் கணக்கில் விசையைச் சேமித்து, ஒருநாள் திடீரென வழுக்கும். ஏறத்தாழ 350 பாகைக்கு மேல் அவை இளகி, சேமிக்காமலே மெல்ல நழுவும். ஆகவே தகடுகள் தொட்டுக்கொள்ளும் சரிவில் 350 பாகைக் கோடு எங்கே விழுகின்றது என்பதை அறிந்தால், பூட்டுண்ட பகுதியின் அகலத்தை மதிப்பிடலாம். அகலமும் நீளமும் கூடினால் நடுக்கம் பெரிதாகும். அக்கோடு விழும் ஆழத்துக்கு வெப்பமானியை இறக்க எவராலும் முடியாது. கணனி மாதிரியுருவே அங்கே எமது கண். கடலடியில் அளக்கப்படும் வெப்ப வெளியேற்றத்துடன் அது ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகின்றது.

கனடாவின் மேற்குக் கரைக்கு இக்கணக்கை 1993இற் செய்து காட்டியவர்கள் அந்நாட்டுப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த ஹைன்ட்மனும் வாங்கும் ஆவர். அங்கே அமிழும் தகடு இளமையானது. தடித்த மண்படிவு போர்வையாக மூடியிருப்பதால் வெப்பம் மிக்கது. எனவே 350 பாகைக் கோடு ஆழங் குறைந்த இடத்திலேயே வந்துவிடுகின்றது. பூட்டுண்ட பகுதி பெரும்பாலும் கரைக்கு அப்பால், கடலடியில் அமைகின்றது. வன்கூவரிலும் சியற்றிலிலும் வாழ்வோருக்கு இதில் ஓரளவு ஆறுதல் உண்டு. நடுக்கத்தின் மையம் நகரங்களின் நேர்கீழே இராது. ஆனால் ஆபத்து நீங்கிவிடவில்லை. 1700 ஜனவரி 26 அன்று அக்கரையில் நிகழ்ந்த மாபெரும் நடுக்கத்தின் அலைகள், பசிபிக் கடலைக் கடந்து யப்பானைத் தாக்கியமை அந்நாட்டுப் பழைய பதிவேடுகளில் உள்ளது. கட்டடங்களை எவ்வளவு உறுதியாகக் கட்டுவது என்பதைத் தீர்மானிப்போருக்கு இத்தகைய கணக்குகள் அடிப்படையாகின்றன.

மீண்டும் எடுகோள்

எனினும் மாதிரியுரு தரும் விடையை வேதவாக்காகக் கொள்ளலாகாது. இளமையான தகடு வேகமாக அமிழும் இடங்களிலேயே மாபெரும் நடுக்கங்கள் நிகழும் என 1980இல் ரஃப், கனமோரி ஆகியோர் அவதானித்திருந்தனர். அன்றைய தரவுகளுக்கு அது பொருந்தியது. சுமாத்திரா - அந்தமான் பகுதியின் தகடோ அவ்வளவு இளமையானதன்று. அங்கே நகர்வு மெதுவானது, சாய்வானது. அங்கு 9 அளவை எட்டும் நடுக்கத்தைப் பலரும் எதிர்பார்த்திருக்கவில்லை. 2004 டிசெம்பர் 26 அன்று ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குத் தகடு பிளந்து வழுக்கியது. அளவு 9.1. சுமார் இரண்டு மணி நேரத்தில் அலைகள் அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவுக் கரைகளையும் நாகப்பட்டினத்தையும் அடைந்தன. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்துசமுத்திரக் கரைகள் அனைத்திலும் மாண்டோர் இரண்டு இலட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டினர். 2011 மார்ச் 11 அன்று யப்பானின் வடகிழக்கில், மிகப் பழைய தகடு அமிழும் இடத்திலும், 9 அளவு நடுக்கம் நிகழ்ந்தது. பழைய விதி இரண்டாவது முறையும் பொய்த்தது.

கெல்வினின் கணிதம் பிழைக்கவில்லை. பூமி அசையாது என்ற எடுகோளே பிழைத்தது. இவ்விதியை நம்பியவர்களின் அளவீடுகளும் பிழைக்கவில்லை. சில பத்தாண்டுகளின் அனுபவம் பல நூற்றாண்டுகளுக்குப் போதும் என்ற எடுகோளே பிழைத்தது. முன்னையதால் ஏற்பட்டது அறிஞர்களிடையே ஒரு வாதம். பின்னையதால், ஒரு பெருங்கடலின் கரைகள் எச்சரிக்கை முறைமை எதுவுமின்றி விடப்பட்டிருந்தன. பசிபிக் சமுத்திரத்துக்கு அத்தகைய முறைமை பல பத்தாண்டுகளாக இருந்தது. இந்துசமுத்திரத்துக்கோ, 2004இன் அழிவுக்குப் பின்னரே யுனெஸ்கோவின் ஒருங்கிணைப்பில் அது அமைக்கப்பட்டது.

எந்நாளில், எந்நேரத்தில் நடுக்கம் வரும் என்பதை இன்றும் எந்தக் கணனியாலும் சொல்ல இயலாது. எங்கே வரக்கூடும், எவ்வளவு பெரிதாகலாம் என்பதை மட்டுமே கணக்கு சொல்லும். அதையும் எடுகோள்களுக்கு உட்பட்டே சொல்லும். தொலைவில் நிகழும் நடுக்கம் எமது ஊர்க் கரையில் உணரப்படாமலும் போகலாம். ஆகவே ஊரிற் கரையோரம் வாழும் உறவினருடன் பேசும்போது, கடல் வழமைக்கு மாறாகப் பின்வாங்கினாலோ, நீண்ட வலுவான நடுக்கம் தெரிந்தாலோ, அறிவித்தலுக்குக் காத்திராது மேட்டுநிலம் நோக்கிச் செல்லுமாறு சொல்லிவைப்போம். கடல் பின்வாங்காமலும் அலை வரக்கூடும் என்பதால், எச்சரிக்கை அறிவித்தல் கிடைத்தால் அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம் என்றும் வலியுறுத்துவோம். நாம் உறுதியென நம்பி மிதிக்கும் நிலம், நகம் வளரும் வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கின்றது. அதை மறந்து போட்ட கணக்குக்குக் கொடுத்த விலை எமது நினைவிலிருந்து நீங்காதிருத்தல் வேண்டும்.